தூங்க வைத்தவன்

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் சாவது தூக்கம். அதற்குப் பிறகு சாவது மரியாதை. முனியப்பன்கொட்டாயில் சென்றாயன் வீட்டில் இரண்டும் செத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

சென்றாயன் பால் வண்டி ஓட்டுகிறவன். காரிமங்கலத்தைச் சுற்றிக் கொட்டாய் என்று பெயர் வைத்த குக்கிராமங்களில் கறக்கிற பாலையெல்லாம் கேன் கேனாக ஏற்றிக்கொண்டு போய், பால் குளிர வைக்கிற இடத்தில் இறக்கிவிட்டு வருவான். கோழி கூவுவதற்கு முன்னால் எழ வேண்டிய பிழைப்பு. ஊர்ப் பாலையெல்லாம் சுமக்கிற அந்த மகராசன், சொந்த மகளுக்குப் பால் கொடுக்கிற விஷயத்தில் மட்டும் சுண்டுவிரலை அசைக்கவில்லை. கேட்டால் ஒரே பதில்தான் வைத்திருந்தான்.

"பாலு உங்கிட்ட இருக்குது. நான் எழுந்து என்னா பண்றது?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கும். அவன் பெண்டாட்டி எழிலரசியும் முதல் மாதம் அதை நியாயம் என்றே நம்பினாள். பால் கொடுக்க அவள் வேண்டும், சரி. ஏப்பம் விட வைக்க? ஈரத்துணி மாற்ற? தூளியை ஆட்ட? தோளில் போட்டுக்கொண்டு நடக்க? இதற்கெல்லாமும் மாரில் பால் சுரக்க வேண்டுமா என்ன. ஆனால் பால் அவளிடம் இருந்ததால் ராத்திரி அவள் தலையில் விழுந்தது. ராத்திரி விழுந்ததால் பகலும் விழுந்தது. அவன் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, வண்டி நிறுத்துகிற கொட்டகையில் கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டான்.

மூன்றாம் மாதத்தில் ஒரு மத்தியானம் அவன் அசந்து தூங்கும்போது குழந்தை வீறிட்டது. எழுந்து வந்தவன் குழந்தையைத் தூக்கவில்லை. தூக்கி வைத்துக்கொண்டிருந்தவளை அறைந்தான். எழிலரசி பிள்ளையைத் தூளியில் கிடத்தினாள். அடுப்பில் கொதித்த வெந்நீரைச் சொம்போடு எடுத்துவந்து அவன் மேல் வீசினாள். தொடையில் ஒரு கையகலம் வெந்துபோயிற்று. கேட்டவர்களிடமெல்லாம் வண்டி ரேடியேட்டர் தண்ணீர் பட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு கொஞ்ச நாள் காலை அகட்டி நடந்தான்.

இருவரையும் பிறவிக் கொடியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கல்யாணமான புதிதில் ஒகேனக்கல்லுக்குப் போய், பரிசலில் ஏறிப் பயந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, கரையில் கடைசி மீன் வறுவல் துண்டு யாருக்கு என்று அடித்துக்கொண்டு சிரித்த ஜோடிதான். தூக்கம் போன மனிதனுக்கும் வெறிநாய்க்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, அவ்வளவுதான்.

எழிலரசி கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். செல்போனுக்குள் போகிற சின்னச் சின்னச் சில்லுகளைப் பலகையில் ஒட்டுகிற வேலை. பிரசவ விடுப்பு முடிந்தது, திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கம்பெனியிலிருந்து போன் வந்தது. அன்றைக்குச் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"திங்கக்கெழம நான் வேலைல சேரணும்."

"கொழந்தய எவன் பாக்கறது?"

"நீங்கதான். எட்டு மணிக்கெல்லாம் வண்டிய நிறுத்திட்டு வூட்லதான இருக்கீங்க."

"நான் தூங்க வேணாமா?"

"நான் தூங்கி அஞ்சு மாசமாவுதுங்க."

"பாலு? எங்கிட்டயா இருக்குது பாலு?"

"பீச்சி வெச்சிட்டுப் போறன். சங்குல ஊத்துனா குடிப்பா. மொத நாளு கையெழுத்து போட்டுட்டு மத்தியானமே வந்துருவன்."

சென்றாயன் சிரித்தான். "பீச்சி வெக்கிறதுக்கு நீ என்னா எருமையா? ரெண்டு வேள கறவையா, மூணு வேள கறவையா?"

குனிந்து குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவள், கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்தாள். "எருமைக்குக்கூட கறந்துட்டுத் தீனி வெக்கிறானுங்க. நீ என்னாடா வெச்ச எனக்கு?"

மரியாதை செத்துவிட்டது என்று முதலிலேயே சொன்னேனே. எதிரில் இருந்த தட்டு சோற்றோடு பறந்தது. விளிம்பு அவள் புருவத்துக்கு மேல் கிழித்து, ரத்தம் மூக்குத்தி வரைக்கும் இறங்கியது. தூளியில் குழந்தை அலறியது. எழிலரசி முந்தானையை நெற்றியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தட்ட வீசு, சட்டிய வீசு. திங்கக்கெழம நான் போவன்."

ரத்தத்தைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் ஆம்பிளை இல்லையா, உதறலை வாயால்தான் மறைத்தான். "போடி. பிள்ளைய தூங்க வெக்கிறதுலாம் ஒரு வேலயா? நீ திரும்பி வர்றப்ப எப்படித் தூங்குதுன்னு வந்து பாரு."

இந்த ஒரு பேச்சுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போகும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். பாலைச் சுட வைக்கக் கூடாது, வெந்நீரில் கிண்ணத்தை வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்து, சங்கை உதட்டோரம் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். குடித்ததும் தோளில் நிமிர்த்திப் போட்டு ஏப்பம் வரும்வரை தட்ட வேண்டும். அவன் செல்போனைத் தேய்த்துக்கொண்டே, "தெரியும், தெரியும்" என்றான். என்ன தெரியுமோ.

திங்கட்கிழமை காலையில் அவள் கம்பெனிப் பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது குழந்தையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனாள், அவனைப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பாப்பாவுக்குப் பசித்தது. வெண்மதி என்று பெயர் வைத்திருந்தாலும் எல்லாருக்கும் அது பாப்பாதான். அவன் பாலை வெதுவெதுப்பாக்கி, சங்கை வாயில் வைத்துக் கவிழ்த்தான். உதட்டோரம் அல்ல, நடு வாயில், டீசல் ஊற்றுகிற மாதிரி. குழந்தைக்குப் புரையேறி மூக்கு வழியாக வந்தது. இருமி, சிவந்து, பிறகு ஓர் அழுகை ஆரம்பித்தது பாருங்கள், பக்கத்துக் களத்தில் புளி தட்டிக்கொண்டிருந்த பாஞ்சாலி சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வேலியோரம் வந்துவிட்டாள்.

"என்னாப்பா ஆச்சு? பாப்பாவக் குடு, நான் செத்த நேரம் வெச்சுக்கறன்."

கொடுத்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் கொடுத்தால் சாயங்காலம் களத்தில் இருக்கிற பெண்கள் அத்தனை பேரும், சென்றாயன் ஒரு மணி நேரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்று புளியோடு சேர்த்து அவனையும் தட்டுவார்கள். "வேணாங்கா. எங்க பிள்ளைய எங்களுக்குப் பாக்கத் தெரியும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

பிறகு சங்கைக் கண்டாலே குழந்தை தலையைத் திருப்பியது. அவன் தாடையைப் பிடித்து ஊற்றினான். அது துப்பியது. பால் அவன் சட்டையில், பாயில், குழந்தையின் காதுக்குள். தூளியில் போட்டு ஆட்டினான். விசையாக ஆட்டினான். தூளி ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்குப் போய் வந்தது, அழுகை நிற்கவில்லை. வெயில் ஏறி ஆஸ்பெஸ்டாஸ் கூரை தகித்தது. இருட்டோடு எழுந்த உடம்பு, கண்ணுக்குள் மணல் கொட்டினதுபோல் எரிந்தது. அந்த அழுகை அவன் காதில் நுழைந்து மண்டைக்குள் ஆணி அடித்தது.

"வாய மூடு" என்றான். "வாய மூடு. மூடுடி வாய."

ஐந்து மாதக் குழந்தையை 'டி' போட்டுத் திட்டினான். குனிந்தான். கை மேலே போனது. குழந்தையின் முகம் அவன் உள்ளங்கையளவுதான் இருந்தது. அதை அவனே பார்த்தான். ஓங்கின கை இறங்கத்தான் செய்தது, குழந்தை மேல் அல்ல, கதவு நிலைமேல். ஓங்கி ஓங்கிக் குத்தினான். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து நிலைக்கட்டையில் ரத்தம் அப்பியது.

பிள்ளையை அடிக்காமல் கட்டையை அடித்தானே என்று அவனுக்கு மாலை போட வேண்டுமா? எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவனுக்கு அப்போது பயம் வந்தது, அது உண்மை. இன்னும் கொஞ்சம் அழுதால் நான் இதைக் கொன்றுவிடுவேன் என்று தோன்றியது. அதனால்தான் அலமாரியைத் திறந்தான்.

கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் எங்கள் பக்கம் உரைமருந்து இல்லாமல் இருக்காது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கல். கூடவே சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய். தலைக்கு ஊற்றுகிற நாளில் ஒவ்வொன்றையும் கல்லில் ஒரே ஒரு இழைப்பு இழைத்து, தாய்ப்பாலில் குழைத்து, நாக்கில் தடவுவார்கள். ஜாதிக்காய்தான் தூக்கத்துக்கு. அதை மட்டும் இரண்டாம் இழைப்பு இழைக்கப் போனால் பக்கத்தில் இருக்கிறவள் கையைப் பிடித்துவிடுவாள். இது பெண்கள் கையில் இருக்கிற கணக்கு, யாரும் வாயால் சொல்வதில்லை. சென்றாயன் கண்டதெல்லாம் ஒன்றுதான். அந்த மருந்து கொடுத்த நாளில் குழந்தை நன்றாகத் தூங்குகிறது.

வண்டி ஓட்டுகிறவன் புத்தி எப்படிப் போகும்? கொஞ்சம் டீசலுக்குக் கொஞ்ச தூரம் என்றால், டேங்கை நிரப்பினால் தருமபுரி தாண்டி ஓடும். அவன் ஜாதிக்காயை எடுத்து இழைத்தான். இழைத்தான், இழைத்தான், உரிந்த முட்டியிலிருந்து ரத்தம் கல்லில் சொட்டுவதைத் துடைத்துவிட்டு மறுபடியும் இழைத்தான். பாதிக் காய் விழுதாகிவிட்டது. மிச்சமிருந்த தாய்ப்பாலில் கலக்கி, தித்திப்புக்குச் சர்க்கரை போட்டான். அழுது களைத்த குழந்தை இந்தத் தடவை சங்கைத் தள்ளவில்லை. பசி. கடைசிச் சொட்டு வரைக்கும் சப்புக்கொட்டிக் குடித்தது.

கொஞ்ச நேரத்தில் கண் சொருகியது. அழுகை நின்றது. வீட்டில் அப்படி ஓர் அமைதியை அவன் ஐந்து மாதமாகக் கேட்டதில்லை. தூளித் துணியை விலக்கி, போட்டோ எடுத்து எழிலரசிக்கு அனுப்பினான். "தூங்கிருச்சு. இதுக்கா இத்தன அலப்பற" என்று கீழே எழுதினான். கல்லைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தான். அப்புறம் தூளிக்குப் பக்கத்துக் கட்டிலில் விழுந்தவன் கட்டையாகத் தூங்கிப்போனான்.

எழிலரசி மத்தியானம் வந்தாள். மார் கல்லாகக் கட்டிக்கொண்டு, ரவிக்கை நனைந்து, பஸ்ஸில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வந்தவளைக் காரிமங்கலத்திலிருந்து அவள் அண்ணன் தமிழ்ச்செல்வன் பைக்கில் கொண்டுவந்து விட்டான். நேரே தூளிக்குப் போய்ப் பிள்ளையை எடுத்து மாரில் வைத்தாள். பால் தானாகப் பீறிட்டது. குழந்தையின் உதடு பிடிக்கவில்லை. பால் வாயோரம் வழிந்து கழுத்தில் இறங்கியது. உள்ளங்காலைச் சுண்டினாள். காதைத் திருகினாள். தண்ணீர் தெளித்தாள். கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு மட்டும், இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற அளவுக்கு இருந்தது.

அவள் கட்டிலை உதைத்த உதையில் சென்றாயன் தரையில் விழுந்து எழுந்தான்.

"என்னா பண்ண என் பிள்ளைய?"

"தூங்குது."

"தூக்கமாடா இது? என்னா குடுத்த?"

அவன் குழந்தையைப் பார்த்தான். தூக்கம் அப்படியே தெளிந்தது. வாசலில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற தமிழ்ச்செல்வன் உள்ளே வந்துகொண்டிருந்தான். ஆறடி ஆள், ஜேசிபி ஓட்டுகிற கை. இந்தக் கணத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை இங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். ஆனால் போட்டோ அனுப்பிப் பீற்றிக்கொண்ட வாய் அது.

"பாலுதான் குடுத்தன். நீ வெச்சிட்டுப் போன பாலுதான்."

பைக்கில் பிள்ளையை வைத்துக்கொண்டு போக முடியாது. பால் வண்டியில் ஏறினார்கள். காலிக் கேன்கள் பின்னால் ஒன்றோடு ஒன்று மோதிக் கடகடக்க, தருமபுரி ரோட்டில் வண்டி பறந்தது. எழிலரசி மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, மூச்சு இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவனை அடித்தாள். பார்த்துவிட்டு அடித்தாள். கன்னத்தில், காதில், தோளில், கை எங்கே படுகிறதோ அங்கே. அவன் ஸ்டீயரிங்கை விடவில்லை. எழுந்துவிடும், டோல்கேட் தாண்டுவதற்குள் எழுந்துவிடும், எழுந்துவிட்டால் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே ஓட்டினான்.

எழவில்லை.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இளவயது டாக்டரம்மா ஒருத்தி பாப்பாவின் கண்ணைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள்.

"ஜுரம் இருந்துச்சா? வலிப்பு? கீழ விழுந்துச்சா?"

இல்லை, இல்லை, இல்லை என்றாள் எழிலரசி.

"வேற எதாவது குடுத்தீங்களா? மருந்து, மாத்திரை, சிரப்பு? எதுவா இருந்தாலும் சொல்லுங்க. சொன்னாத்தான் என்ன பண்றதுன்னு தெரியும்."

எல்லாரும் சென்றாயனைப் பார்த்தார்கள். டாக்டரம்மா அவன் கையைப் பார்த்தாள். முட்டித் தோல் உரிந்த கை. பிறகு எழிலரசியின் புருவத்துக்கு மேல் காய்ந்திருந்த காயத்தைப் பார்த்தாள். அவள் குரல் மாறியது. "பாப்பாவ யாராவது அடிச்சிருந்தா, உலுக்கியிருந்தா, தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கும். ஸ்கேன் எடுக்கணும். போலீசுக்கும் சொல்ல வேண்டியிருக்கும்."

போலீஸ் என்றதும் வாயைத் திறந்தான். வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பாலு கெட்டுப் போயிருக்கும் மேடம். இவ பீச்சி வெச்சிட்டுப் போனா. நேரம் ஆயிருச்சு. அதான்."

பாவி. இதை எழுதவே கை கூசுகிறது.

அதைவிடக் கொடுமை, எழிலரசி நம்பிவிட்டாள். அவள் முகத்தில் இருந்த கோபமெல்லாம் வடிந்துவிட்டது. வேலைக்குப் போனேனே, பாலைப் பீச்சி வைத்துவிட்டுப் போனேனே என்று கையிரண்டையும் முட்டி பிடித்துத் தன் மாரிலேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பால் கட்டிப் பாறையாக இருந்த மாரில். அடிக்க அடிக்கப் பால் ரவிக்கையைத் தாண்டிப் புடவையில் வழிந்தது. "எம் பாலே விசமாயிருச்சா? எம் பாலே எமனாயிருச்சா?" என்று கேட்டுக் கேட்டு அடித்துக்கொண்டாள். இரண்டு நர்சுகள் சேர்ந்து கையைப் பிடித்தார்கள்.

சென்றாயன் அதையும் பார்த்துக்கொண்டு நின்றான். நின்றான், ஐயா.

தமிழ்ச்செல்வன் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வார்டுக்கு வெளியே, வராந்தாவைத் தாண்டி, தண்ணீர்க் குழாயடிக்கு இழுத்துப் போனான்.

"அடிச்சியா பாப்பாவ?"

"இல்ல மச்சான்."

"கையில என்னாடா காயம்?"

"கதவுல குத்திக்கிட்டன்."

"எந்தங்கச்சி நெத்தியில?"

முதல் குத்தில் முன்பல் உதட்டைக் கிழித்தது. இரண்டாவதில் குழாய்மேல் விழுந்தான். எழுப்பி நிறுத்தி அடித்தான் தமிழ்ச்செல்வன். வயிற்றில் உதைத்தான். வேடிக்கை பார்த்தவர்கள் விலக்கவில்லை, பிள்ளையை அடித்தவன் என்று காதில் விழுந்துவிட்டது. பாட்டிலில் தண்ணீர் பிடிக்க வந்த ஒருவரும் தன் பங்குக்கு ஒன்று வைத்துவிட்டுப் போனார். செய்யாத குற்றத்துக்கு அவ்வளவு அடியையும் வாங்கிக்கொண்டான். செய்த குற்றத்தை மட்டும் சொல்லவில்லை. காவலாளி வந்து தடியால் தரையைத் தட்டியபோதுதான் தமிழ்ச்செல்வன் கையை எடுத்தான்.

சென்றாயன் சுவரைப் பிடித்துக்கொண்டு வார்டு ஜன்னலுக்கு வந்தான். உள்ளே டாக்டரம்மா பாப்பாவின் கையைப் பிடித்து ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாள். நரம்பு கிடைக்கவில்லை. ஒரு கையில் குத்தினாள், வரவில்லை. மறு கையில் குத்தினாள். பிறகு கால்.

குழந்தை அழவில்லை.

கொசு கடித்தாலே கொட்டாயைக் கூட்டுகிற குழந்தை. சங்கு உதட்டில் பட்டதற்கு ஊரை எழுப்பின குழந்தை. ஊசி தசைக்குள் போய்த் திரும்புகிறது, புருவம்கூட அசையவில்லை. டாக்டரம்மா நர்சிடம் சொன்னது அவனுக்குக் கேட்டது. "இப்படியே இருந்தா முதுகுத்தண்டுல ஊசி போட்டு நீர் எடுக்கணும். மூளைக் காய்ச்சலான்னு பாக்கணும். ரெடி பண்ணுங்க."

அழு என்றான் சென்றாயன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு. அழுடி, ஒரு தடவை அழு சாமி.

அழவில்லை. இனிமேல் ஆம்பிளைகள் உள்ளே வரக் கூடாது என்று தடுத்த ஆயாம்மாவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். வாயிலிருந்து ரத்தம் சட்டையில் ஒழுகியது.

"ஜாதிக்கா" என்றான். "மேடம், பாலு கெடல. நான் ஜாதிக்கா இழைச்சுக் குடுத்தன். அழுவய நிறுத்தறதுக்குக் குடுத்தன்."

"எவ்வளவு?"

"பாதிக் காயி."

வார்டில் இருந்த தாய்மார்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்தார்கள். அவர்களுக்குக் கணக்குத் தெரியும். டாக்டரம்மா ஊசித் தட்டை எடுத்துப் போகச் சொன்னாள். கத்தவில்லை, திட்டவும் இல்லை. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டு, மளமளவென்று வேலையைப் பார்த்தாள். பிறகுதான் எழிலரசி எழுந்தாள். கட்டிலுக்கு அடியில் யாரோ வைத்திருந்த எவர்சில்வர் தூக்குவாளியை எடுத்தாள். அவன் நகரவில்லை. வாளி தலையில் பட்ட சத்தம் வராந்தாவின் அந்தக் கோடி வரைக்கும் கேட்டது.

"எம் மாரையே நான் அடிச்சிக்கிட்டேன்டா" என்றாள். "நீ பாத்துக்கிட்டு நின்ன."

அதற்கு மேல் அவனை அடிக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

காதுக்கு மேல் தையல் போட்டு அவனை வராந்தாவில் உட்கார வைத்தார்கள். காலையில் விசாரிக்கப் போலீஸ்காரர் வருவார், இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே நகர்வான். உள்ளே எழிலரசி கட்டிலோரம் உட்கார்ந்து, மூச்சு ஏறி இறங்குவதை விடிய விடியப் பார்த்தாள். வெளியே அவனும் விழித்தே இருந்தான். குழந்தை பிறந்த ஐந்து மாதத்தில் இருவரும் சேர்ந்து விழித்திருந்த முதல் ராத்திரி அதுதான்.

வெளுக்கிற நேரத்தில் ஒரு முனகல் கேட்டது. பிறகு ஒரு சிணுங்கல். பிறகு வார்டையே புரட்டிப் போடுகிற மாதிரி வீறிட்டு ஓர் அழுகை. மற்றக் குழந்தைகளும் எழுந்து அழ ஆரம்பித்தன. சென்றாயன் வராந்தாத் தரையில் தலையை வைத்து முட்டிக்கொண்டு அழுதான்.

டாக்டரம்மா வந்து கண்ணைப் பார்த்து, கையைக் காலை அசைத்துப் பார்த்து, "பால் குடுத்துப் பாருங்க" என்றாள். பாப்பா பாய்ந்து பிடித்தது. கட்டின பால் இறங்க இறங்க எழிலரசிக்கு வலியில் பல் கிட்டியது. இரண்டு பக்கமும் குடித்து முடித்ததும் தோளில் போட முயன்றாள். கை எழவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்ந்து, குழந்தை மடியிலிருந்து நழுவப் போனதைப் பக்கத்துக் கட்டில்காரிதான் பிடித்தாள்.

எழிலரசி குழந்தையை வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து வராந்தாவுக்கு வந்தாள். தமிழ்ச்செல்வன் ஓடி வந்தான்.

"குடு, நான் வெச்சுக்கறன். டாக்டர் உட்டதும் நம்ம வூட்டுக்குப் போயிரலாம். இந்தக் கொலகாரன் மூஞ்சிலயே இனிமே முழிக்க வேணாம்."

அவள் அண்ணனைத் தாண்டி வந்து சென்றாயன் முன்னால் நின்றாள். அவன் எழுந்தான். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

"புடி" என்றாள்.

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான்."

"ஏய், உனக்குப் பைத்தியமா?" என்றான் தமிழ்ச்செல்வன்.

"பயமாத்தான் இருக்குதுண்ணா. நீ இன்னிக்கு வெச்சிக்குவ, நாளைக்கும் வெச்சிக்குவ. அப்புறம் நீ ஜேசிபி ஓட்டப் போயிருவ, அண்ணி மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கும். மறுபடியும் நான் ஒருத்தியே முழிச்சிருக்கணும். இப்படியே முழிச்சிருந்தா, இவன் செஞ்சத ஒருநாள் நானே செஞ்சிருவன். இப்பக்கூடக் கீழ போடப் பாத்தன்." அவள் குழந்தையைச் சென்றாயன் தோளில் நிமிர்த்திச் சாய்த்து, அவன் கையை எடுத்துப் பின்கழுத்தில் வைத்து அழுத்தினாள். "பாலு எங்கிட்ட இருக்குது, குடுத்துட்டன். தோளு உங்கிட்ட இருக்குதில்ல? ஏப்பம் உட வை. அழுதா நட. எதையும் வாயில வெக்காத. நான் எழுந்திருக்கற வரைக்கும் உக்காராத."

அவன் தலையாட்டினான்.

"நீ கண்ண மூடுன, கொன்னுருவன். சும்மா சொல்லல."

சும்மா சொல்லவில்லை என்று அவனுக்குத் தெரியும். அவள் வராந்தாச் சுவரோரம், வெறும் சிமெண்டுத் தரையில், கையைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். படுத்த மாத்திரத்தில் வாய் திறந்து குறட்டை வந்துவிட்டது. தமிழ்ச்செல்வன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண் கொட்டாமல் அவனையே பார்த்தான்.

வெயில் வராந்தாவில் ஏறியது. போலீஸ்காரர் வந்தார். தூங்குகிறவளைப் பார்த்தார், நிற்கிறவனைப் பார்த்தார், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவங்க எந்திரிக்கட்டும்" என்று பெஞ்சில் உட்கார்ந்தார். பாப்பா இரண்டு தடவை அழுதது. இரண்டு தடவையும் சென்றாயன் வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தான். தையல் போட்ட இடம் தெறித்தது, வீங்காத கண்ணில் தூக்கம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. உதட்டுக் காயத்தில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்ட, குழந்தையைப் பிடித்திருந்த ஒரு கையை எடுக்க வேண்டும். அவன் எடுக்கவில்லை.